துருவே மருந்து

நுழையும்முன்

இரும்பில் படியும் துருவைத் தேய்த்து நீக்குவதும் வண்ணம் பூசித் தடுப்பதுமே உலக வழக்கம். அத்துருவைத் தேடிச் சேர்த்து, அதன் வழியே குடிநீரைச் செலுத்தி, உயிரைக் காத்துக்கொள்ளும் மக்களும் உள்ளனர். கங்கையும் பிரம்மபுத்திராவும் கடலைச் சேரும் வங்கச் சமவெளியில், நிலத்தடி நீரில் கலந்துள்ள ஆர்சனிக் என்னும் நஞ்சை இரும்பின் துணையால் நீக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை இப்பாடம் விளக்குகிறது.

பாஷாணமும் மாற்று மருந்தும்

ஆர்சனிக் தமிழருக்குப் புதிய பொருள் அன்று. சித்த மருத்துவ நூல்கள் பாஷாணம் என வகுத்துக் கூறுவனவற்றுள் வெள்ளைப் பாஷாணம், அரிதாரம், மனோசிலை ஆகிய மூன்றும் ஆர்சனிக்கின் சேர்மங்களே. மஞ்சள் நிறமுடைய அரிதாரம் ஒப்பனைப் பொருளாகவும் பயன்பட்டது. நடிகர்கள் முகத்துக்கு வண்ணம் தீட்டிக்கொள்வதை 'அரிதாரம் பூசுதல்' என்று இன்றும் கூறுகிறோம். பொருள் மறைந்தும் சொல் நிலைத்துவிட்டது.

வெள்ளைப் பாஷாணத்துக்கு நிறமும் மணமும் சுவையும் இல்லை எனலாம். உணவிலோ பானத்திலோ கலந்தால் உண்பவர் அறிய இயலாது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகக் கொலைகாரர்கள் நாடிய நஞ்சாக அது விளங்கியதற்கு இதுவே காரணம். அந்நஞ்சுக்கு மாற்று மருந்து ஒன்றை 1834ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் இருவர் கண்டறிந்தனர். ஒருவர் பெர்தோல்ட் என்னும் மருத்துவர். மற்றவர் ராபர்ட் புன்சன் என்னும் இளம் வேதியியலாளர். பள்ளி ஆய்வகத்தில் மாணவர் காணும் புன்சன் எரிவிளக்கு இவர் பெயரையே தாங்கியுள்ளது. இரும்பு உப்பின் கரைசலிலிருந்து அப்பொழுதே வீழ்படிவாக்கப்பட்ட, ஈரம் உலராத செம்பழுப்பு நிற இரும்பு ஆக்சைடை நஞ்சுண்டவருக்குக் கொடுத்தால், அது வயிற்றில் உள்ள ஆர்சனிக்கைப் பற்றிக்கொண்டு உடலில் கலவாதவாறு தடுக்கும் என்பது அவர்தம் கண்டுபிடிப்பு. அம்மருந்து நெடுங்காலம் வழக்கில் இருந்தது. 'அப்பொழுதே வீழ்படிவாக்கப்பட்ட' என்னும் நிபந்தனையை மாணவர் நினைவிற்கொள்ளல் வேண்டும். நாள்பட்ட துருவுக்கு அவ்வாற்றல் குறைவு. இதன் காரணம் பின்னர் விளங்கும்.

ஓர் உயிரைக் காக்க ஆய்வகத்தில் கண்ட அவ்வுண்மை, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துக் கோடிக்கணக்கான மக்களின் குடிநீருக்குத் தேவைப்பட்டது.

உயிர்காக்க இறக்கிய குழாய்கள்

வங்கதேசத்துச் சிற்றூர்களில் குளமும் ஆறுமே முற்காலத்தில் குடிநீர் தந்தன. மழைக்காலத்தில் அந்நீரில் கழிவு கலந்தது. வாந்திபேதியும் வயிற்றுப்போக்கும் ஆண்டுதோறும் குழந்தைகளைப் பெருந்தொகையில் கொன்றன. இக்கொடுமையை நிறுத்துவதற்கு 1970களில் ஐ.நா. குழந்தைகள் நிதியமும் வங்கதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் ஊர்தோறும் குழாய்க் கிணறுகளை அமைத்தன. அந்நாட்டு மண் மென்மையான வண்டல், பாறை குறுக்கிடுவதில்லை. மூங்கில் சாரம் கட்டி, இரண்டு மூன்று பேர் கூடி ஒரு நாளிலேயே குழாயை இறக்கி, மேலே அடிபம்பு பொருத்திவிடலாம். அரசு தொடங்கிய பணியை மக்கள் தாமே தொடர்ந்தனர். வசதியுள்ள ஒவ்வொரு வீட்டின் முற்றத்திலும் ஓர் அடிபம்பு நின்றது. மகளுக்குச் செய்யும் சீர்போல் அது குடும்பப் பெருமையின் அடையாளமாயிற்று. குழந்தை இறப்பும் குறைந்தது.

அத்திட்டத்தைத் தீட்டியோர் நீரில் நோய்க்கிருமிகள் உள்ளனவா எனச் சோதித்தனர். ஆர்சனிக் உள்ளதா எனச் சோதிக்கவில்லை. அன்றைய சோதனைப் பட்டியலில் அது இடம்பெறவே இல்லை.

எல்லையின் மறுபுறத்தில், மேற்கு வங்கத்தில், முதல் எச்சரிக்கை எழுந்தது. கல்கத்தா வெப்பமண்டல நோயியல் பள்ளியின் தோல் மருத்துவர் கே. சி. சாகா 1983இல் சிற்றூர் மக்கள் சிலரின் உடலில் விந்தையான புள்ளிகளைக் கண்டார். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போன்ற கரும்புள்ளிகளும் உள்ளங்கை, உள்ளங்கால்களில் காய்த்துத் தடித்த முடிச்சுகளும் இருந்தன. அவை குடிநீர் வழியே வந்த ஆர்சனிக் நஞ்சின் விளைவு என அவர் கண்டறிந்தார். ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி 1988 முதல் ஊர் ஊராகச் சென்று நீர், முடி, நகம் ஆகியவற்றைத் திரட்டி ஆராய்ந்தார். அவர் தந்த முடிவுகளை ஏற்க அரசு அலுவலகங்கள் தொடக்கத்தில் தயங்கின. நதியா, முர்ஷிதாபாத், மால்டா, வடக்கு 24 பர்கானா, தெற்கு 24 பர்கானா என மாவட்டங்களின் வரிசை நீண்டது. வங்கதேசத்தின் சப்பாய் நவாப்கஞ்ச் பகுதிக் கிணறுகளில் 1993இல் ஆர்சனிக் உறுதிசெய்யப்பட்டது.

பிரித்தானியப் புவியியல் ஆய்வகமும் வங்கதேச அரசுத் துறையும் 1998, 1999 ஆண்டுகளில் 3,534 கிணறுகளின் நீரைச் சோதித்தன. 150 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடைய கிணறுகளில் 27 விழுக்காடு, அந்நாடு வகுத்துள்ள இலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்னும் வரம்பைக் கடந்திருந்தன. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 10 மைக்ரோகிராம் வரம்பைக் கொண்டு அளந்தாலோ 46 விழுக்காடு தேறவில்லை. மூன்றரைக் கோடி மக்கள் 50 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட நீரைப் பருகி வந்தனர் என அவ்வாய்வு மதிப்பிட்டது. மாந்த வரலாற்றில் ஒரு மக்கள்திரள் நஞ்சூட்டப்பட்ட நிகழ்வுகளுள் இதுவே மிகப்பெரியது என 2000ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழ் எழுதியது.

10 மைக்ரோகிராம் என்பது எத்துணைச் சிறிய அளவு? 10,000 இலிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஒன்றில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ஆர்சனிக்கைக் கரைத்தால் அவ்வளவு ஆகும். விரல் நுனியில் ஒட்டும் உப்பைவிட அது சற்றே கூடுதல். அத்தகைய நீரையும் நாள்தோறும் பருகினால் பல ஆண்டுகள் கழித்துத் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்புக் கூடுகிறது. வங்கதேசத்தின் பல கிணறுகளில் இருந்ததோ இதைப்போல் பல மடங்கு.

நோய் தரும் துன்பத்தினும் அயலார் தரும் துன்பம் பெரிதாய் இருந்தது. கைகளில் புள்ளி தோன்றிய பெண்ணைத் தொழுநோயாளி எனத் தவறாகக் கருதி ஒதுக்கினர், திருமணங்கள் முறிந்தன, பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றனர். ஆர்சனிக் நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது என்பதை ஊராருக்கு எடுத்துரைப்பதே மருத்துவப் பணியின் பாதியாயிற்று. இலண்டன் வரை ஒரு வழக்கும் சென்றது. தம் நாட்டு நீரை 1992இல் ஆய்ந்த புவியியல் நிறுவனம் ஆர்சனிக்கைச் சோதிக்கத் தவறியது என்று ஊர்மக்கள் தொடுத்த அவ்வழக்கைப் பிரித்தானியப் பிரபுக்கள் அவை 2006இல் தள்ளுபடி செய்தது.

மண்ணுக்குள் நிகழ்வது

இந்நஞ்சை எவரும் கொட்டவில்லை. ஆலைக் கழிவும் பூச்சிக்கொல்லியும் இதற்கு முதன்மைக் காரணம் அல்ல. இமயமலைப் பாறைகள் தேய்ந்து மணலாகி ஆற்றில் வரும்பொழுது, ஒவ்வொரு மணல்துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய போர்வையாகப் படிகிறது. பாறையில் சிறிதளவே இருந்த ஆர்சனிக் அப்போர்வையில் ஒட்டிக்கொண்டு சமவெளியை அடைகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக வண்டல் இவ்வாறே படிந்தது. மணலுடன் இலைதழைகளும் மரங்களும் புதையுண்டன. அவற்றை உண்டு வாழும் நுண்ணுயிரிகள் மண்ணுக்குள் இருந்த ஆக்சிஜன் முழுவதையும் தீர்த்துவிட்டன. ஆக்சிஜன் தீர்ந்ததும் அவை இரும்பு ஆக்சைடை நாடின. அதில் உள்ள மூவிணைதிற இரும்பு ஈரிணைதிற இரும்பாக ஒடுக்கம் அடைந்து நீரில் கரைந்தது. போர்வை கரைந்தபின் அதைப் பற்றியிருந்த ஆர்சனிக்கும் நீரில் கலந்தது.

எனவே வங்கச் சமவெளியில் ஆர்சனிக் மிகுந்த நீரில் இரும்பும் பெரும்பாலும் மிகுந்திருக்கும். அடிபம்பின் வாயும் தளமும் செந்நிறக் கறை படிந்திருக்கும், வெள்ளைத் துணி பழுப்பேறும், தேநீர் கறுக்கும். கிணறு இறக்கும் தொழிலாளர்க்கு வேறோர் அடையாளமும் தெரியும். குழாயிலிருந்து வெளிவரும் மணல் சாம்பல் நிறமாயின் அங்கு இரும்புப் போர்வை கரைந்துவிட்டது என்று பொருள். அந்நீரை ஐயுற வேண்டும். மணல் செம்பழுப்பாயின் போர்வை இன்னும் உள்ளது. நீர் பெரும்பாலும் நன்று. 150 மீட்டருக்குக் கீழ் உள்ள பழைய படிவுகள் இவ்வாறு செம்பழுப்பாக இருப்பதால், ஆழ்குழாய்க் கிணறுகளில் நூற்றில் ஏறத்தாழ ஒன்றே 50 மைக்ரோகிராமைத் தாண்டியது.

2000ஆம் ஆண்டையொட்டி வங்கதேசத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. நீர் நன்றாயின் பம்புக்குப் பச்சை வண்ணமும் தீதாயின் சிவப்பு வண்ணமும் பூசினர். 14 இலட்சம் பம்புகள் சிவப்பாயின. பச்சைப் பம்பு அருகில் உள்ளவர்கள் அங்குச் சென்று நீர் முகந்தனர். சுற்றிலும் சிவப்பே உள்ள ஊர்களில் என் செய்வது? நீரைக் காய்ச்சிக் குடிக்கலாமே என்று எண்ணினோரும் உண்டு. காய்ச்சினால் கிருமி சாகும்; ஆர்சனிக் சாகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் எஞ்சிய நீரில் நஞ்சின் செறிவு கூடவே செய்யும்.

துருவின் வேலை

நஞ்சை விடுவித்தது இரும்பின் கரைவு. அக்கரைவை மறுதலையாக நிகழ்த்தினால் இரும்பு நஞ்சை மீண்டும் பற்றிக்கொள்ளும். எல்லா இரும்பு வடிகட்டிகளுக்கும் இதுவே அடிப்படை.

நிலத்தடியிலிருந்து மேலே வந்த நீர் காற்றைத் தொட்டதும் அதில் கரைந்துள்ள ஈரிணைதிற இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து மூவிணைதிற இரும்பாகிறது. இது நீரில் கரையாது. செம்பழுப்புத் துகள்களாகத் திரண்டு படிகிறது. அத்துகளின் புறப்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நெருங்கி நிற்கின்றன. ஆர்சனேட்டு அயனி நெருங்கி வரும்பொழுது அத்தொகுதிகள் விலகி இடம் தர, ஆர்சனேட்டு இரும்புடன் வேதிப்பிணைப்புக் கொள்கிறது. இதனைப் பரப்புக் கவர்ச்சி என்பர். பஞ்சு நீரை உறிஞ்சுவது போன்றது அன்று இது. சுவரில் ஆணியடித்து மாட்டுவது போன்றது. குலுக்கினாலும் கழுவினாலும் எளிதில் விடாது.

துகள் சிறிதாகச் சிறிதாகப் பரப்பு மிகும். புதிதாய்ப் பிறந்த துரு ஒழுங்கற்ற, மிக நுண்ணிய துகள்களால் ஆனது. நாள்பட அவை ஒன்றோடொன்று சேர்ந்து படிகமாகி இறுகும், பரப்புச் சுருங்கும், பற்றும் இடங்கள் குறையும். புன்சன் விதித்த நிபந்தனைக்கு விளக்கம் இங்கே கிடைக்கிறது.

ஆயினும் ஓர் இடையூறு உண்டு. நிலத்தடி நீரில் உள்ள ஆர்சனிக்கின் பெரும்பகுதி ஆர்சனேட்டு வடிவில் இருப்பதில்லை. ஆக்சிஜன் குறைந்த ஆர்சனைட்டு வடிவில் உள்ளது. ஆர்சனேட்டு எதிர்மின்சுமை உடையது. ஆர்சனைட்டுக்கோ இயற்கை நீரில் மின்சுமையே இல்லை. இரும்பின் பரப்பு அதனை அவ்வளவு எளிதில் பற்றுவதில்லை. ஆகவே முதலில் ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்றவேண்டும். காற்று மட்டும் இதனைச் செய்ய நெடுநேரம் ஆகும். உலோக இரும்பு இங்குத்தான் கைகொடுக்கிறது. இரும்பு துருப்பிடிக்கும்பொழுது, கரையும் இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே நிகழும் வினையில் வீரியம் மிக்க இடைநிலைப் பொருள்கள் கணநேரம் தோன்றி மறைகின்றன. அக்கணத்தில் அவை அருகிலுள்ள ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக்கிவிடுகின்றன. துருப்பிடித்தல் என்னும் ஒரே நிகழ்வு நஞ்சின் வடிவை மாற்றுகிறது. அதைப் பற்றும் பரப்பையும் உருவாக்குகிறது.

இரண்டாவது இடையூறு பாஸ்பேட்டு. தனிம வரிசை அட்டவணையில் பாஸ்பரசுக்கு நேர் கீழே ஆர்சனிக் உள்ளது. இரண்டும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. பாஸ்பேட்டும் ஆர்சனேட்டும் வடிவில் உடன்பிறந்தவை போன்றவை. நீரில் பாஸ்பேட்டு மிகுந்திருந்தால் இரும்பின் பரப்பில் ஆர்சனேட்டுக்கு உரிய இடத்தை அது முன்னரே பிடித்துக்கொள்ளும். ஓர் ஊரில் நன்கு பணியாற்றிய வடிகட்டி மற்றோர் ஊரில் தோற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

மூன்று கலசங்கள்

வங்காளத்தில் குடத்தைக் 'கொல்ஷி' என்பர். தமிழில் வழங்கும் 'கலசம்' அச்சொல்லின் உறவே. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கொல்ஷிகளை அடுக்கி மணலும் கரியும் இட்டு நீரை வடிப்பது அங்குள்ள பழைய வழக்கம். மேல் குடத்தில் இரும்புச் சீவல்களைச் சேர்த்து அதனை ஆர்சனிக் வடிகட்டியாக ஆக்கினர். லேத் பட்டறையில் இரும்பைக் கடையும்பொழுது சுருள் சுருளாக விழும் கழிவே அச்சீவல். மேல் குடத்தில் இரும்பும் பருமணலும். நடுக்குடத்தில் மரக்கரியும் நுண்மணலும். அடிக்குடத்தில் தெளிந்த நீர். செலவு மிகக் குறைவு. எல்லாம் உள்ளூர்ப் பொருள்கள். நஞ்சும் நன்கு நீங்கியது. ஆனால் சில மாதங்களில் சீவல்கள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாய் இறுகின. நீர் இறங்குவது நின்றது. குடத்தை உடைத்தெறிவது தவிர வேறு வழியில்லை.

இக்குறையைத் தீர்த்தவர் அபுல் ஹுசாம். வங்கதேசத்தின் குஷ்டியாவைச் சேர்ந்த இவர் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். தம் குடும்பத்தார் பருகிவந்த கிணற்று நீரிலும் ஆர்சனிக் உண்டு என்பது அவருக்குச் சோதனையில் தெரியவந்தது. மருத்துவரான உடன்பிறந்தார் முனிருடன் சேர்ந்து அவர் பல ஆண்டுகள் உழைத்தார். சீவல்களைத் தனித்தனியே கிடக்கவிடாமல், பதப்படுத்தி, நீர் ஊடுருவும் துளைகளுடைய ஒரே திரளாக ஆக்கினார். இக்கூட்டு இரும்புத் திரள் இறுகி அடைத்துக்கொள்வதில்லை. மேல் வாளியில் பருமணல், இரும்புத் திரள், செங்கல் சில்லுகள். கீழ் வாளியில் மணல், மரக்கரி, செங்கல் சில்லுகள். 'சோனோ' எனப் பெயரிய இவ்வடிகட்டிக்கு மின்சாரம் வேண்டா; மருந்துப் பொடி வேண்டா. வங்கதேச அரசின் ஒப்புதல் பெற்ற சாதனங்களுள் இதுவும் ஒன்று. அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் 2007இல் இதற்கு 10 இலட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசை வழங்கியது. பரிசுத் தொகையின் பெரும்பகுதியை ஹுசாம் வடிகட்டிகள் செய்து வழங்கவே ஒதுக்கினார்.

ஆணியும் மின்சாரமும்

நேபாளத்தின் தராய்ச் சமவெளியிலும் இதே நஞ்சு உண்டு. அங்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினரும் நேபாளத்துச் சுற்றுச்சூழல் அமைப்பினரும் சேர்ந்து 'காஞ்சன்' என்னும் வடிகட்டியை வடிவமைத்தனர். மணல் வடிகட்டியின் மேலே ஒரு தட்டில் துத்தநாகம் பூசாத சாதாரண இரும்பு ஆணிகள் 5 கிலோ இடப்படுகின்றன. கடைத்தெருவில் எவரும் வாங்கக்கூடிய ஆணிகளே அவை. நீர் ஆணிகளின்மேல் விழுந்து துருவைச் சுமந்து மணலில் இறங்குகிறது. துரு நஞ்சுடன் மணலில் தங்குகிறது. தெளிந்த நீர் வெளியேறுகிறது. அதே வடிவமைப்பைக் கம்போடியாவில் சோதித்தபொழுது, பாஸ்பேட்டு மிகுந்து இரும்பு குறைந்த நீரில் அது எதிர்பார்த்த பயன் தரவில்லை.

துருப்பிடிப்பதற்காகக் காத்திராமல் மின்சாரத்தால் துருவை வருவித்தால் என்ன? கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இந்திய வம்சாவளி அறிவியலாளர் அசோக் காட்கில் இவ்வழியை மேற்கொண்டார். நீர்த்தொட்டியில் எஃகுத் தகடுகளை நிறுத்திக் குறைந்த மின்னழுத்தத்தில் மின்சாரம் செலுத்தினால், நேர்மின்வாயிலிருந்து இரும்பு கரைந்து உடனுக்குடன் துருவாகிறது. மின்சாரத்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் துருவின் அளவை விரும்பியவாறு அமைக்கலாம். சிறிது படிகாரம் இட்டால் துரு விரைந்து கீழே படியும். ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் துணையோடு, தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் தாப்தாபி உயர்நிலைப் பள்ளியில் நாளொன்றுக்கு 10,000 இலிட்டர் நீரைத் தூய்மையாக்கும் நிலையம் 2016இல் செயல்படத் தொடங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் வாளி வைத்துப் பராமரிப்பதைவிட, ஊருக்கு ஒரு நிலையமும் அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் இருப்பது நீடித்து நிற்கும் என்பது இத்தகைய முயற்சிகளின் அடிப்படைக் கருத்து.

இவ்வரிசையில் சென்னைக்கும் இடமுண்டு. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சென்னை வளாகத்தில் பேராசிரியர் த. பிரதீப்பின் குழுவினர், புதிய துருவை முதுமை அடையவிடாமல் காக்கும் வழியைக் கண்டனர். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து பெறப்படும் கைட்டோசான் என்னும் இயற்கைப் பொருளின் வலைப்பின்னலுக்குள் மீநுண் இரும்பு ஆக்சைடுத் துகள்களை அடைத்தனர். கூண்டுக்குள் அகப்பட்ட துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படிகமாக இயலாது. பிறந்த நிலையிலேயே இருந்து இருவகை ஆர்சனிக்கையும் பற்றுகின்றன. 1834இல் உடனுக்குடன் தயாரிக்க வேண்டியிருந்த மருந்தைப் பல மாதங்கள் கெடாமல் வைத்திருப்பதற்கு ஒப்பானது இது. 'அம்ரித்' எனப் பெயர்பெற்ற இத்தொழில்நுட்பத்தில் அமைந்த நிலையங்கள் ஆர்சனிக் பாதித்த மாநிலங்களில் நிறுவப்பட்டுள்ளன. பிரதீப்புக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பற்றிய நஞ்சு எங்கே செல்லும்?

வடிகட்டி நஞ்சை அழிப்பதில்லை. ஆர்சனிக் ஒரு தனிமம். அதனை எரித்தோ சிதைத்தோ இல்லாமற் செய்ய இயலாது. நீரில் பரவிக் கிடந்ததை இரும்புக் கசடில் திரட்டி வைப்பதே வடிகட்டியின் பணி. அக்கசடு காற்றுப் படும் உலர்ந்த இடத்தில் உள்ளவரை ஆர்சனிக் அதனுள் உறுதியாகக் கட்டுண்டு கிடக்கும். அதே கசடைக் குளத்துச் சேற்றில் கொட்டினால், இலைதழை அழுகி ஆக்சிஜன் தீர்ந்த அவ்விடத்தில் நுண்ணுயிரிகள் மீண்டும் இரும்பைக் கரைக்கத் தொடங்கும். மண்ணுக்கடியில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது ஊர்க்குளத்தில் திரும்ப நிகழும். இதனால்தான் கசடைக் காங்கிரீட்டுக் கலவையில் சேர்த்துப் பூட்டிவிடும் வழிகளை ஆய்வாளர் சோதித்து வருகின்றனர்.

வடிகட்டியின் ஆற்றல் தீர்ந்ததைக் கண்ணால் அறிய முடியாது என்பது மற்றொரு சிக்கல். கடைசி நாளில் வரும் நீரும் முதல்நாள் நீரைப் போன்றே தெளிவாக இருக்கும். அதனை அறியக் களச்சோதனைப் பெட்டி வேண்டும். துத்தநாகத்தையும் அமிலத்தையும் நீரிலிட்டால் ஆர்சனிக் ஆர்சைன் வாயுவாக எழும். புட்டியின் வாயில் செருகிய மெர்குரிக் புரோமைடுத் தாள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். நிறம் அடர்ந்தால் நஞ்சு மிகுதி. இச்சோதனையை ஆண்டுதோறும் யார் செய்வது, தீர்ந்த இரும்பை யார் மாற்றுவது, அதற்கான பணத்தை யார் தருவது என்பவற்றுக்கு விடை காணாத ஊர்களில் நல்ல வடிகட்டிகளும் மூலையில் கிடக்கின்றன. பெரும்பாலும் நீர் சுமப்பவள் பெண். பழுதான வடிகட்டியைக் குறித்துக் கேட்கப்படாதவளும் அவளே. கருவியைக் கண்டுபிடிப்பதில் காட்டிய ஊக்கத்தைத் திட்டங்கள் இதில் காட்டவில்லை எனல் மிகையன்று.

குடிநீரைத் தூய்மையாக்கினாலும் சோறு எஞ்சி நிற்கிறது. வங்கத்தில் கோடைப் பருவ நெல்லுக்கு ஆழமற்ற குழாய்க் கிணறுகளே நீர் பாய்ச்சுகின்றன. வயல்நீரை வடிகட்டுதல் நடவாத செயல். நெல்லில் சேரும் ஆர்சனிக்கில் ஒரு பகுதியைச் சமையலில் நீக்கலாம். அரிசியை நன்கு கழுவி, நஞ்சற்ற நீரை மிகுதியாக வைத்து வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிட்டால், பாதியளவு வரை கஞ்சியோடு வெளியேறும் என ஆய்வுகள் காட்டுகின்றன. நம் பாட்டிமார் கையாண்ட அதே முறை இது. ஆனால் உலைநீர் நஞ்சுடையதாயின் சோறு அதனை உறிஞ்சிக்கொள்ளும்.

நெற்பயிரும் வாளாவிருப்பதில்லை. நீர் தேங்கிய சேற்றில் மூச்சுவிடுவதற்காக அது தண்டின் வழியே ஆக்சிஜனை வேருக்கு அனுப்புகிறது. வேரிலிருந்து கசியும் அந்த ஆக்சிஜன் சேற்றில் கரைந்துள்ள இரும்பைத் தொட்டதும், வேரைச் சுற்றிச் செம்பழுப்புப் படலம் படிகிறது. நாற்றைப் பிடுங்கி அலசும் உழவர் அந்நிறத்தைக் காண்பர். அத்துருப் படலம் வேருக்குள் புகவரும் ஆர்சனிக்கில் ஒரு பகுதியை வாயிலிலேயே பற்றி நிறுத்திக்கொள்கிறது.